ஏழாம் ஸ்டேஷனும் ஐந்து முகமூடிகளும்

2006 ஜூலை 16, ஞாயிறு, காலை 6.40. குன்றத்தூர் பேருந்து நிலையம். ஸ்ரீபெரும்புதூர் போகும் பஸ்ஸில் டிரைவர், கண்டக்டர் நீங்கலாக ஒன்பது பேர். அதில் ஏழு பேர் தூக்கம். ஒருவர் பேப்பர். மிச்சம் நான்.

எதற்குப் போனேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. சுங்குவார்சத்திரத்தில் சர்ச்சுக்குச் சொந்தமான ஒரு ஹாலில் ஞாயிறுதோறும் நாடகப் பயிற்சி நடக்கிறது. முகமூடி போட்டுக்கொண்டு உடம்பால் நடிக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். முக்கால்வாசிப் பேர் பக்கத்துக் கம்பெனிகளில் லைனில் நிற்கும் பையன்களும் பெண்களும். போன பதிவில் இதைப் பற்றி ஒரு வரி போட்டதற்கு, எப்படிப் போவது, எவ்வளவு ஆகும் என்று நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். அதெல்லாம் கீழே இருக்கிறது. ஆனால் நான் போனது நாடகம் படிக்க அல்ல. அந்த வகுப்புக்கு வரும் முத்துக்கனி அன்று சாயங்காலம் ஊருக்குப் போகிறாள். இரண்டு வருட கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது, ஹாஸ்டலைக் காலி செய்ய வேண்டும். ஐந்தரை மணி பஸ்ஸுக்குள் அவளிடம் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என் பயணத் திட்டம்.

முத்துக்கனி யார்? செல்போன் பாகம் செய்யும் எங்கள் கம்பெனியில், நான் மெயின்டெனன்ஸ் பார்க்கும் லைனில் ஏழாம் ஸ்டேஷன், அதாவது ஏழாவது ஆள் நிற்கும் இடம். எங்கள் தளத்தில் தூசி ஆகாது. அதனால் தலைக்குத் தொப்பி, மூக்கு வாய்க்குத் துணி, கழுத்திலிருந்து முட்டி வரை நீலக் கோட்டு. வெளியே தெரிவது கண் மட்டும். அதிலும் பாதிப் பேர் குனிந்தே இருப்பார்கள். ஒரு வருஷம் அந்தப் பெண்ணை நான் முகம் பார்க்காமல் உடம்பைப் பார்த்தே அடையாளம் கண்டேன். (தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நிற்கிற விதத்தைச் சொல்கிறேன்.) இடது காலில் பாரம், வலது குதிகால் லேசாகத் தூக்கியிருக்கும், இடது தோள் ஒரு பொடி இறங்கியிருக்கும். தளத்தின் அந்தக் கோடியிலிருந்து பார்த்தாலும் அவள்தான் என்று சொல்லிவிடுவேன். அந்தச் சாய்வைப் பார்த்தால் மனசு ஒரு மாதிரி ஆகும். மெஷின் நன்றாக ஓடும் நாளில்கூட ஏதோ ரிப்பேர் சாக்கு வைத்து அந்தப் பக்கம் போவேன். போய் என்ன பேசினேன் என்றால், "ஏர் பிரஷர் சரியா இருக்கா?" என்பதுதான். ஒரு வருஷமாக அதே கேள்வி.

இனி வழி. குன்றத்தூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் இருபது கிலோமீட்டர், டிக்கெட் ஏழு ரூபாய், ஐம்பது நிமிஷம். ஞாயிறு என்பதால் நாற்பதில் போய்விட்டான். அங்கிருந்து காஞ்சிபுரம் பக்கம் போகும் எந்த பஸ்ஸும் சுங்குவார்சத்திரத்தில் நிற்கும். நாலு ரூபாய். ஏறும்போதே கண்டக்டரிடம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் மேம்போக்காக ஒரு பிரேக் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். வண்டி வைத்திருப்பவர்கள் படப்பை, ஒரகடம் வழியாகவும் வரலாம். சுற்று. அந்த ரோட்டில் இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் மண் லாரி. வெள்ளைச் சட்டை வேண்டாம்.

பஸ் ஸ்டாப்பில் இறங்கி டீ குடித்தேன், மூன்று ரூபாய். ஹால் ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே. ஆட்டோக்காரர் இருபது கேட்டார், பதினைந்துக்கு வந்தார்.

"கம்பெனியா சார்?"

"இல்லைங்க, சர்ச் ஹால். டிராமா கிளாஸ்."

"ஓ, அந்த மூஞ்சி மாட்டிக்கினு நடப்பாங்களே, அதுவா? போன வாரம் சவாரி இல்லாம ஜன்னலாண்ட நின்னு பாத்தேன் சார். அரை அவர். ஒருத்தன் வாயத் தொறக்கல. இன்னா டிராமா சார் அது? சண்டை இல்ல, பாட்டு இல்ல. ஒரு பொண்ணு வந்துச்சு, நின்னுச்சு, போச்சு."

"பிடிக்கலையா?"

"புடிக்கலன்னா அரை அவர் நிப்பனா?" என்றார் எரிச்சலாக. "அந்தப் பொண்ணு யாருக்கோ காத்துக்கினு கீதுன்னு தெரிஞ்சுச்சு. யாருன்னு தெர்ல. அதான் ஒரே ரோதனையா பூட்ச்சு."

ஒன்பது மணிக்கு வகுப்பு. நான் எட்டரைக்கே போய்விட்டேன். பயிற்சி கொடுப்பவர் கல்பனா. முப்பது வயசு இருக்கும், பாண்டிச்சேரியில் நாடகம் படித்தவர். கூட்டுகிற துடைப்பத்தோடு வாசலில் நின்று, "இப்பதான் வரீங்களா? இது கடைசி வகுப்பு. மத்தவங்க எட்டு வாரமா வராங்க" என்றார். தெரியும் என்றேன். "அப்ப உள்ள வந்து பாயை விரிங்க" என்றார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

வந்தவர்கள் பன்னிரண்டு பேர், என்னையும் சேர்த்து. முத்துக்கனி மூன்று தோழிகளோடு வந்தாள். தொப்பி இல்லை, துணி இல்லை. எண்ணெய் வைத்துப் பின்னிய தலை, நெற்றியில் சின்ன சந்தனக் கீற்று, மேல் உதட்டில் ஒரு தழும்பு. அந்தத் தழும்பை நான் பார்த்ததே இல்லை. "சாரு வந்துட்டாங்களே!" என்றாள். நான் "ம்" என்றேன். ஒரு வாக்கியம் சொல்ல வந்தவன் ஓர் எழுத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

முகமூடிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய செய்தித்தாளைப் பசையில் ஊறவைத்து, களிமண் அச்சின் மேல் அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்து, மரப் பசை பூசியிருக்கிறார்கள். எல்லாம் ஒரே அச்சு. அழுகை, சிரிப்பு, கோபம் எதுவும் கிடையாது. வாய் லேசாகத் திறக்கப்போகிற மாதிரி இருக்கும், திறக்காது. பின்னால் எலாஸ்டிக். விதிகள் நாலுதான்: முதுகைக் காட்டிப் போட்டுக்கொள்ள வேண்டும். போட்ட பிறகு அதைத் தொடக் கூடாது. பக்கவாட்டில் திரும்பி நின்றால் அட்டை விளிம்பு தெரியும், அதனால் பார்க்கிறவர்களுக்கு நேராகவே நிற்க வேண்டும். நாலாவது, போட்ட பின் பேசக் கூடாது.

முகமூடியில் கண் ஓட்டை ரொம்பச் சின்னது. என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "இதுல சைடு பார்வையே இல்லைங்க. ஓட்டைய ரெண்டு மில்லிமீட்டர் பெருசு பண்ணா கால் கீழ என்ன இருக்குன்னு தெரியும்" என்றேன்.

"தெரியக் கூடாது. கண்ணை உருட்டிப் பார்க்க முடியலைன்னா என்ன பண்ணுவீங்க?"

"தலையத் திருப்புவேன்."

"அது போதாதுன்னா?"

"உடம்பையே திருப்பணும்."

"அதுக்குத்தான் சின்ன ஓட்டை" என்று அடுத்த ஆளிடம் போய்விட்டார். டிசைன் காரணம் சரியாக இருந்தால் நான் வாதாட மாட்டேன்.

முதல் பயிற்சி, ஆள் கண்டுபிடிப்பது. எல்லோரும் மேலே ஒரே மாதிரி பழுப்புச் சட்டை மாட்டிக்கொண்டு, முகமூடி போட்டு, ஹாலில் நடக்க வேண்டும். ஒருவர் மட்டும் முகமூடி இல்லாமல் உட்கார்ந்து, யார் யார் என்று சொல்ல வேண்டும். முடியை எல்லாம் துணியில் கட்டி மறைத்தாயிற்று. "யார் முதல்ல?" என்றார் கல்பனா. நான் கையைத் தூக்கினேன். எனக்கு இது பரீட்சையே இல்லை. வினாத்தாளே என்னிடம்தானே இருந்தது, ஒரு வருஷமாக.

நடந்தார்கள். நின்றார்கள். பத்து விநாடி ஆகியிருக்காது. இடது காலில் பாரம், குதிகால் தூக்கல், தோள் இறக்கம். நேராகப் போய் எதிரில் நின்று, "முத்துக்கனி" என்றேன். அந்த உருவம் முதுகைக் காட்டித் திரும்பி, முகமூடியைக் கழற்றிவிட்டுத் திரும்பியது.

எஸ்தர். பென்னலூர்க்காரி. அதே லைன்.

"இன்னா சார், ஒரு வருஷமா எங்க லைனாண்டயே சுத்தினு கீறீங்க, ஆளு மாத்தி சொல்றீங்க?"

ஹாலே சிரித்தது. முகமூடி போட்டவர்கள் சிரித்தால் தோள் மட்டும் குலுங்கும். பார்க்க இன்னும் கேவலமாக இருந்தது. நான் சுற்றிப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் இன்னோர் உருவம், அதே இடது கால், அதே குதிகால். சுவரோரம் இன்னொன்று. மூன்று பேர். மூன்றும் ஒரே அச்சு.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஏழாம் ஸ்டேஷனில் சர்க்யூட் பலகையை இடது கையால் டிரேயிலிருந்து எடுக்க வேண்டும். டிரே தாழ்வாக இருக்கும், தோள் இறங்கும். வலது காலால் பெடலை அழுத்த வேண்டும், குதிகால் தூக்கியே நிற்கும். அந்த டிரே உயரத்தை வைத்தவனும் பெடலைப் பொருத்தியவனும் யார்? நான்தான். மூன்று ஷிப்ட்டுக்கு மூன்று பெண்கள். எஸ்தர் பி ஷிப்ட். எட்டு மணி நேரம் வீதம் அதே இடத்தில் நின்று நின்று மூன்று பேருக்கும் அந்த ஸ்டேஷன் உடம்பில் ஏறிவிட்டது. நான் ஒரு வருஷம் தூரத்திலிருந்து பார்த்து உருகியது என் சொந்த அளவுகளை. அவளுடையது என்று நான் எடுத்து வைத்திருந்தது எதுவும் அவளுடையது இல்லை.

அப்படியானால் அவளுடையது எது? அதைத் தெரிந்துகொள்ள எட்டு மணி நேரம் மிச்சம் இருந்தது. ஒரு வருஷத்தில் செய்யாததைச் செய்ய.

அடுத்து முத்துக்கனி உட்கார்ந்தாள். நாங்கள் முகமூடி போட்டு நடந்தோம். உள்ளே இருட்டு, பசை வாசனை, என் மூச்சே எனக்குச் சூடாகத் திரும்பி வந்தது. அவள் எழுந்துகூட வரவில்லை.

"அந்தா, மூணாவது. அது சாரு."

கழற்றினேன். "எப்படி?" என்றேன்.

"ஒரு எடத்துல நின்னாத்தானே! குதிங்காலு ஆடிட்டே இருக்கும்லா. லைனுல செருப்புச் சத்தம் கேக்க முன்னாடியே தெரியும் சார், நீங்க வாறீங்கன்னு. தரையே தந்தியடிக்கும்" என்றாள். எஸ்தர் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குக் காது சுட்டது. ஆனால் ஒன்று கவனியுங்கள். என் குதிகாலை எந்த ஸ்டேஷனும் எனக்குக் கொடுக்கவில்லை. அது என்னுடையது. அவள் சரியானதைப் பார்த்திருக்கிறாள்.

மதியச் சாப்பாடு எலுமிச்சம் சாதம், பொட்டலம் பத்து ரூபாய், பயிற்சிக்குத் தனியாக ஐம்பது. வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஊருக்குப் போய் என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன். பிரஷரைத் தாண்டி நான் அவளிடம் கேட்ட முதல் முழுக் கேள்வி இதுதான்.

"எங்கூரு பள்ளிக்கூடத்துல ஞாயித்துக்கிழமைக்கு எடம் கேட்டுருக்கேன் சார். ஒம்பதாங் கிளாசு பிள்ளைங்களுக்கு இதச் சொல்லிக் குடுக்கப் போறேன். கல்பனாக்கா அஞ்சு முகமூடி தாறாங்க."

"நாடகம் போடவா?"

"நாடகம் பெறகு. மொதல்ல எந்திரிச்சு நிக்கட்டும். நானும் அங்கதான் படிச்சேன். வாத்தியாரு கேள்வி கேட்டா பதில் தெரியும், எந்திரிக்க மாட்டேன். எல்லாரும் மூஞ்சியத்தான பாப்பாங்க?" அவள் விரல் உதட்டுத் தழும்பில் போய் நின்றது. "இங்க வந்து மொத நாளு இத மாட்டிட்டு நின்னேன். யாரு பாத்தா என்ன, அவங்க பாக்கது என் மூஞ்சி இல்லல்லா. அன்னைக்குத்தான் சார் எனக்குக் கையி, காலு இருக்குன்னே தெரிஞ்சுது."

"கழட்டின அப்புறம்?"

"கழட்டின பெறகும் இருந்துச்சு" என்று சிரித்தாள்.

லைனில் அவளுக்கு முகத்துணி ஏன் தொந்தரவாகவே இருந்ததில்லை என்று எனக்குப் புரிந்தது. அந்தத் துணியை எடுத்துவிட்டுப் போகப்போகிற தைரியத்தை அவள் எங்கே சம்பாதித்தாள் என்பதும்.

மதியத்துக்கு மேல் வழியனுப்பும் பயிற்சி. இதைத்தான் இங்கே வருகிறவர்கள் யாரும் தவறவிடக் கூடாது. உங்களுக்கு வேண்டிய ஒருவர் கம்பெனி பஸ்ஸில் கடைசியாக ஏறிப் போகிறார். நீங்கள் ஓடி வருகிறீர்கள். பஸ் கிளம்பிவிட்டது. அது கண்ணிலிருந்து மறையும் வரை நிற்கிறீர்கள், பிறகு திரும்புகிறீர்கள். முகமூடியோடு, ஒரு சத்தமும் இல்லாமல். எதிரில் பஸ் கிடையாது, பார்க்கிறவர்களுக்குப் பின்னால் வெறும் சுண்ணாம்புச் சுவர்.

நான் போனேன், கையை ஆட்டினேன், திரும்பினேன்.

"உங்க பஸ் இன்னும் கிளம்பவே இல்லை, நீங்க டாட்டா காட்டி முடிச்சு வீட்டுக்கே போயிட்டீங்க" என்றார் கல்பனா. "கையை ஆட்டுறது சுலபம். பஸ் போறதைப் பாருங்க. பார்த்து முடிச்சாதான் கை என்ன செய்யும்னு தெரியும்."

ஒவ்வொருவராகச் செய்தார்கள். ஐந்தாறு பேர் முடித்ததும் கல்பனா நிறுத்தினார். "எல்லாரும் ஓடி வந்து ஒரே இடத்துல டக்குனு நிக்கிறீங்க. ஏதோ கோடு போட்ட மாதிரி. இங்க ஏது கோடு?"

எனக்குத் தெரிந்தது. எங்கள் தளத்தில் தள்ளுவண்டி, ஃபோர்க்லிஃப்ட் போகும் பாதைக்கு இருபக்கமும் மஞ்சள் கோடு. எவ்வளவு அவசரமாக வந்தாலும் கோட்டில் நின்று இருபக்கமும் பார்த்துத்தான் தாண்ட வேண்டும். மீறினால் மெமோ. எங்கள் கால்கள் சர்ச் ஹாலிலும் அந்தக் கோட்டைக் கண்டுபிடித்து நின்றிருக்கின்றன. சொன்னேன். எல்லோரும் தங்கள் கால்களையே குனிந்து பார்த்தார்கள். எஸ்தர், "அய்யே, வூட்டாண்ட ரோட்லகூட நான் இப்டித்தான் நிக்கிறேன்" என்றாள்.

கடைசியாக முத்துக்கனி. சுவரைப் பார்த்து நின்று போட்டுக்கொண்டு திரும்பினாள். ஓடி வந்தாள். எல்லோரும் நின்ற இடம் வந்தது. நிற்கவில்லை. இன்னும் நாலு எட்டு வைத்தாள். அங்கே வேகம் குறைந்தது. நின்றாள். கை மேலே போகவில்லை. இடது தோளும் இறங்கவில்லை, குதிகாலும் தூக்கவில்லை. இரண்டு காலிலும் சமமாக நின்று, சுண்ணாம்புச் சுவரில் பஸ் சின்னதாகிச் சின்னதாகிப் போவதைத் தலையை மட்டும் மெதுவாகத் திருப்பிப் பார்த்தாள். பஸ் போய்விட்டது என்பது அவள் உடம்பில் தெரிந்தது. பிறகு ஒரு கை, பாதி உயரத்துக்கு வந்து, அங்கேயே இருந்தது.

ஆட்டோக்காரர் ஏன் அரை மணி நேரம் நின்றார் என்று எனக்குத் தெரிந்தது. அந்த நிற்பு எந்த ஸ்டேஷனும் கொடுத்தது அல்ல. ஒரு வருஷம் தேடாமல் விட்டதை அந்த ஒரு நிமிஷத்தில் பார்த்துவிட்டேன். அப்போது மணி மூன்றரை.

ஐந்து மணிக்கு பஸ் ஸ்டாப். அவளுடைய அண்ணன் அழைத்துப் போக வந்திருந்தார். கோவில்பட்டிப் பக்கம் கிராமம், தீப்பெட்டி ஆபீஸில் வேலை. ஒரு சூட்கேஸ், ஒரு பிளாஸ்டிக் வாளி நிறையச் சாமான், ஓர் அட்டைப்பெட்டி. கோயம்பேடு போய் அங்கிருந்து இரவு பஸ்.

"சாரு கம்பெனியா? அந்தப் பொட்டிய மட்டும் கொஞ்சம் பிடிங்க சார். என்னம்மா இதுல, சட்டியா?"

"முகமூடிண்ணே."

"முகமூடியா! ரெண்டு வருசம் மெட்ராசுல இருந்து சம்பாரிச்சது இதானாக்கும்?"

"ஊருக்கு வந்து பாரு. ஒனக்கும் ஒண்ணு மாட்டி விடுதேன், கொஞ்ச நேரம் பேசாம இருப்பெ."

அண்ணன் தண்ணீர் பாட்டில் வாங்கக் கடைப் பக்கம் போனார். இதுதான் நேரம். என் வாக்கியம் தயாராக இருந்தது: 'உன்னைப் பார்க்க ஊருக்கு வரலாமா?' அவள் என்னைப் பார்த்தாள். நான் பெட்டியைப் பார்த்தேன்.

"ஈரம் படாம வச்சுக்க. பசை இளகிடும்" என்றேன்.

"சரி சார்" என்றாள். கொஞ்சம் காத்திருந்தாள். காத்திருந்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

பஸ் வந்துவிட்டது. "ஏறு ஏறு, வாளிய உள்ள தள்ளு" என்று கண்டக்டர் கத்த, அண்ணன் ஓடி வர, எல்லோரும் ஏற, விசில் அடிக்க, ஜன்னலிலிருந்து அவள், "சார், பொட்டி! பொட்டி!" என்றாள். பெட்டியை நான் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஓடிப் போய் ஜன்னல் வழியாகத் தள்ளினேன். பாதி உள்ளே போய்ச் சிக்கியது. அதை உள்ளேயிருந்து இழுத்தபடி, "ஞாயிறு பத்து மணிக்கு வகுப்பு சார். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுல எட்டயபுரம் ரோட்டு மினி பஸ்சு, பள்ளிக்கூட ஸ்டாப்புன்னு கேளுங்க" என்றாள். பஸ் நகர்ந்துவிட்டது.

அது அழைப்பா, இல்லை ஊர் ஊராகப் பயணக் கட்டுரை எழுதுகிறவனுக்குச் சொன்ன வழியா, எனக்கு இன்னும் தெரியவில்லை.

நான் நின்றேன். கையை ஆட்டவில்லை. அவள் ஜன்னலில் தலையை வெளியே நீட்டி, கண்ணை மட்டும் திருப்பாமல், முகமூடி போட்டவர்கள் திரும்புகிற மாதிரி, முழு முகத்தையும் என் பக்கம் திருப்பினாள். பஸ் சின்னதாகி, லாரிகளுக்கு நடுவில் இன்னும் சின்னதாகி, இல்லாமல் போனது. கீழே பார்த்தேன். ரோட்டோரத்து வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கமே என் இரண்டு செருப்பும் இருந்தன. குதிகால் ஆடவில்லை.

அங்கே போகிறவர்களுக்கு: தொளதொளப்பான பேன்ட் போடுங்கள். பவுடர் பூசாதீர்கள், உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும், அடுத்தவருக்கும் அதே முகமூடிதான். கண்ணாடி போட முடியாது. போக வர, சாப்பாடு, பயிற்சி எல்லாம் சேர்த்து நூற்றிருபது ரூபாய் தாராளம். கல்பனா அடுத்த குழுவை ஆகஸ்டில் தொடங்குகிறார். முதல் வாரத்திலேயே போங்கள், என்னை மாதிரிக் கடைசி வாரம் போகாதீர்கள். அங்கே பெரிதாக எதையும் சொல்லித்தருவதில்லை. முகத்தை மூடிவிட்டு, உங்கள் உடம்பில் எது உங்களுடையது, எது சம்பளத்தோடு வந்தது என்று காட்டுகிறார்கள். எனக்கு அதைவிட ஒன்று கூடுதலாகத் தெரிந்தது. அவள் இல்லாமல், எனக்குத் தெரிந்த இடமெல்லாம் இப்போது வெறும் இடமாக இருக்கிறது. திங்கட்கிழமை ஏழாம் ஸ்டேஷனில் புதுப் பெண் ஒருத்தி நின்றாள். இரண்டு காலிலும் நேராக நின்றாள், இன்னும் பழகவில்லை.

இனி நான் செய்யப்போவது:

1. ஏழாம் ஸ்டேஷன் டிரேயை நாலு அங்குலம் உயர்த்த வேண்டும். பெடலை எடுத்துவிட்டுக் கை சுவிட்ச் வைக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். சூப்பர்வைசர் முறைப்பார். முறைக்கட்டும்.
2. ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை லீவு. ஓ.டி. கேட்டால் முடியாது என்று சொல்ல வேண்டும்.
3. எழும்பூரிலிருந்து கோவில்பட்டிக்கு ரயில் டிக்கெட். கிடைக்காவிட்டால் கோயம்பேட்டில் இரவு பஸ். எவ்வளவு என்று விசாரிக்க வேண்டும்.
4. எட்டயபுரம் ரோட்டு மினி பஸ், பள்ளிக்கூட ஸ்டாப். பத்து மணிக்குப் பத்து நிமிஷம் முன்னால். பாய் விரிக்கத் தெரியும்.
5. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு கடைசி வரிசையில் உட்கார வேண்டும். அவள் ஒரு முகமூடியை என்னிடமும் நீட்டுவாள். போட்ட பிறகு பேசக் கூடாது என்பது விதி. ஆகவே வாங்குவதற்கு முன்னாலேயே பேசிவிட வேண்டும்.